தேடுவோர்க்கு உதவும் கையேடு

நூல்களை இரு வகையாகப் பிரிக்கலாம். முதற்பக்கம் தொடங்கி இறுதிப் பக்கம் வரையில் வரிசையாகப் படித்துப் பயன் கொள்வதற்கு உரியவை ஒரு வகை. வேண்டியபோது எடுத்து, வேண்டிய இடத்தை மட்டும் நோக்கி, உடனே மூடி வைப்பதற்கு உரியவை மற்றொரு வகை. அகராதி, பஞ்சாங்கம், வாய்பாடு, மருத்துவரின் மேசைமேல் இருக்கும் மருந்தளவுக் குறிப்பு ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் சிறியதாய், கைக்கு அடக்கமாய், ஒரு தொழிலைச் செய்வோர்க்கு என்றே அமைந்ததைக் கையேடு என்பர்.

கையேட்டை நாடி வருபவர் ஓய்வாக அமர்ந்து படிப்பவர் அல்லர். மருத்துவர் முன் நோயாளி படுத்திருக்கிறார். விமானி முன் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஆசிரியர் முன் நாற்பது கட்டுரை ஏடுகள் திருத்தப்படாமல் கிடக்கின்றன. இவர்களுக்குக் கிடைக்கும் நேரம் சில நொடிகளே. அந்த நொடிகளுக்குள் விடை கிடைக்காவிட்டால் ஏட்டை மூடிவிட்டு, நினைவையும் ஊகத்தையும் நம்பியே செயற்படுவர்.

இத்தகைய ஏடு சுருக்கமாக இருந்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். சுருக்கம் வேண்டுவதே. ஆயினும் அதனினும் முதன்மையான ஒன்று உண்டு. தேடி வருபவர் எந்தக் கேள்வியோடு வருகிறார் என்பதை அறிந்து, அக்கேள்வியின் வழியாகவே விடையைச் சென்றடையுமாறு பொருளை அடுக்கி வைத்தல் அது. தமிழ் நூல்களின் வரலாறும், விமானத் துறையிலும் மருத்துவத் துறையிலும் நிகழ்ந்த சில நிகழ்ச்சிகளும் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றன.

சூத்திரமும் சுருக்கமும்

சுருங்கச் சொல்லும் கலையில் தமிழர் நெடுநாட் பயிற்சி உடையவர். கண்ணாடியில் உருவம் தோன்றுவது போல, தேட வேண்டாதபடி பொருள் விளங்குவதே சூத்திரம் என்பது தொல்காப்பியர் கருத்து. சில எழுத்துகளுக்குள் பல பொருள்களை அடக்கிக் காட்டுவது அது என்று நன்னூலார் பவணந்தியாரும் கண்ணாடியையே உவமை காட்டுகிறார்.

ஆயினும் சூத்திரத்தால் ஆகிய நூல் அவசரத்தில் நோக்குவதற்கு எழுந்தது அன்று. மாணாக்கன் ஆசிரியரிடம் அமர்ந்து, முறையாகப் பாடங்கேட்டு, முழுவதையும் நெஞ்சில் பதித்துக் கொள்ள எழுந்தது அது. நன்னூலின் 460-க்கும் மேற்பட்ட சூத்திரங்களை மனப்பாடம் செய்தவருக்கு வேண்டிய சூத்திரம் தானே நினைவுக்கு வரும். மனப்பாடம் செய்யாதவர்க்கோ, தாம் தேடும் விதி உயிரீற்றுப் புணரியலில் உள்ளதா, மெய்யீற்றுப் புணரியலில் உள்ளதா, உருபு புணரியலில் உள்ளதா என்பதே தெரியாது. சொல் குறைவாக இருந்தும், தேடும் காலம் குறையவில்லை. அந்நூலின் சுருக்கம் நினைவுக்காக அமைந்தது. தேடுவதற்காக அமைந்தது அன்று.

நிகண்டிலிருந்து அகராதிக்கு

இந்த வேறுபாட்டைத் தமிழ்ச் சொற்பொருள் நூல்களின் வளர்ச்சியில் இன்னும் தெளிவாகக் காணலாம். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்யுள் வடிவில் அமைந்தவை. அவை சொற்களைப் பொருள் வகையால் தொகுத்தன. திவாகரமும் சூடாமணியும் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்துள்ளன. தெய்வப் பெயர்கள் ஒரு தொகுதி. மக்கட் பெயர்கள் ஒரு தொகுதி. விலங்கின் பெயர்கள், மரப்பெயர்கள், இடப்பெயர்கள் எனப் பிறவும் தனித்தனித் தொகுதிகளாம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பதினோராம் தொகுதியைச் சூடாமணி நிகண்டின் ஆசிரியர் மண்டலபுருடர் எதுகை முறையில் அடுக்கினார். அதாவது, இரண்டாம் எழுத்து ஒத்த சொற்கள் ஓரினமாக நின்றன.

செய்யுளை ஓதுபவர்க்கு இம்முறை மிகவும் பொருந்தும். எதுகை நாவில் நின்று அடுத்த சொல்லை இழுத்துக்கொண்டு வரும். ஏட்டுச்சுவடி அரிதாகவும் மனப்பாடம் பெரிதாகவும் இருந்த காலத்தில், புலவரின் நெஞ்சமே நூலகமாக இருந்தது. அந்நூலகத்துக்கு ஏற்ற அடுக்கு நிகண்டின் அடுக்கே. ஆகையால் அதனைக் குறை கூறுதல் பொருந்தாது. ஆனால் மனப்பாடம் இல்லாமல் சுவடியைப் புரட்டுபவர் ஒருவருக்கு, தாம் அறியாத ஒரு சொல் விலங்கின் பெயரா, மரத்தின் பெயரா என்று முன்னரே தெரிந்திருந்தால்தான் அதைத் தேடும் தொகுதி தெரியும். அது தெரிந்திருந்தால் நிகண்டையே பார்க்க வேண்டியதில்லை!

இத்தடையை நீக்கும் முயற்சி 1594-ஆம் ஆண்டில் தோன்றியது. சிதம்பர இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அமைத்தது. செய்யுள் வடிவம் அப்படியே இருக்க, அடுக்கும் முறை மட்டும் மாறியது. அகரத்தை ஆதியாக உடைய அடுக்கு என்னும் பொருளில், அகராதி என்ற பெயர் பின்னர் அவ்வகை நூல் அனைத்துக்கும் உரியதாயிற்று.

வீரமாமுனிவரின் நான்கு வாயில்கள்

இத்தாலி நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி, இவ்வளர்ச்சியில் பெரியதொரு படி. சதுர் என்பது நான்கு. நூல் நான்கு பகுதிகளாக அமைந்தமையால் இப்பெயர் பெற்றது. பெயரகராதி, பொருளகராதி, தொகையகராதி, தொடையகராதி என்பன அவை.

ஒரே நூலை ஏன் நான்காகப் பகுக்க வேண்டும்? தமிழ் படிப்பவரும் எழுதுபவரும் எத்தகைய கேள்விகளோடு வருவர் என்று எண்ணிப் பார்த்தால் விடை விளங்கும். செய்யுளைப் படிக்கும்போது ஒரு சொல் விளங்கவில்லை. அச்சொல்லுக்கு என்னென்ன பொருள் உண்டு என அறிய வேண்டும். அவருக்குப் பெயரகராதி. வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார், யானை என்னும் பொருளுக்குக் களிறு, வேழம், கரி எனப் பிற சொற்கள் வேண்டும். அவருக்குப் பொருளகராதி. மற்றொருவர் ஐம்பூதம், நவமணி போன்ற தொகைச்சொல்லைக் காண்கிறார். அத்தொகையில் அடங்கியவை எவை என்று அறிய விரும்புகிறார். அவருக்குத் தொகையகராதி. இன்னொருவர் செய்யுள் இயற்றுகிறார். எதுகைக்குச் சொல் கிடைக்காமல் நிற்கிறார். அவருக்குத் தொடையகராதி.

சொல்லிலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து சொல்லுக்கும், தொகையிலிருந்து விரிவுக்கும், ஓசையிலிருந்து சொல்லுக்கும் செல்ல நான்கு வாயில்கள் திறந்துவிடப்பட்டன. தேடுபவர் எதை அறிவாரோ, அதுவே நுழையும் வாயிலாயிற்று. எதை அறியாரோ, அது உள்ளே கிடைத்தது. கையேடு அமைப்போர் அனைவரும் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

விமானிகளின் பட்டியல்

இரண்டாம் பாடத்தை விமானத் துறை கற்பித்தது. 1935 அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் 299 என்னும் புதிய விமானம் படைத்துறை அதிகாரிகள் முன்னிலையில் சோதனைக்காகப் புறப்பட்டது. நான்கு எஞ்சின்கள் பொருந்திய அவ்விமானம் செங்குத்தாக எழும்பி, நிலைகுலைந்து, தரையில் விழுந்து தீப்பற்றியது. இருவர் மாண்டனர். பொறியில் பழுது ஏதும் இல்லை என்று ஆய்வில் தெரிந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் அசையாதவாறு வால் பகுதிக்குப் போடப்பட்டிருந்த பூட்டை விடுவிக்காமலே விமானம் கிளம்பியிருந்தது.

விமானத்தை ஓட்டியவர் கைதேர்ந்தவர். பூட்டை விடுவிக்க வேண்டும் என்பது அவர் அறியாததன்று. செய்ய வேண்டியவை பெருகியதால் ஒன்று மறந்துபோயிற்று. இதன் பின்னர் விமானிகள் பருத்த விளக்க நூல் எதுவும் எழுதவில்லை. புறப்படுமுன், பறக்கும்போது, இறங்குமுன், இறங்கிய பின் என நான்கு வேளைகளுக்கு நான்கு சிறு பட்டியல்களை அமைத்தனர். ஒவ்வொன்றிலும் மறந்தால் உயிருக்கு இடையூறாகும் செயல்கள் மட்டும் இடம்பெற்றன. அதே விமான வகை பின்னர் பி-17 என்னும் பெயரில் 12,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது.

இங்கும் வேளையே வாயிலாக அமைந்ததைக் காண்க. விமானத்தின் உறுப்புகளை வரிசைப்படுத்தி எஞ்சின், இறக்கை, வால் என்று பட்டியல் எழுதியிருந்தால், புறப்படும் அவசரத்தில் அது பயன்பட்டிராது. இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதே விமானியின் கேள்வி. பட்டியலும் அவ்வாறே பிரிந்தது.

வேளை பொருந்தாத பட்டியல் என்ன ஆகும் என்பதை 2009 ஜனவரி 15-இல் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. நியூயார்க் நகரிலிருந்து கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்றின் மீது வாத்துக் கூட்டம் மோதியது. இரண்டு எஞ்சின்களும் விசை இழந்தன. அப்போது விமானம் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் இருந்தது. துணை விமானி உடனே இரட்டை எஞ்சின் பழுதுக்குரிய பட்டியலை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். மூன்று பக்கம் நீண்ட அப்பட்டியல், 20,000 அடிக்கு மேல் பறக்கையில் பழுது நேர்ந்தால், கீழே இறங்க நிறைய நேரம் இருக்கும் என்று எண்ணி எழுதப்பட்டது. அவர்களுக்கு இருந்ததோ மூன்றரை நிமிடம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் முடிக்க முடிந்தது. பட்டியலில் பின்னால் வரவிருந்த துணைமின்பொறியை விமானி சுல்லன்பர்கர் தம் அறிவாலேயே முன்கூட்டி இயக்கினார். விமானம் ஹட்சன் ஆற்றில் இறக்கப்பட்டு, அதில் இருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர். பட்டியலில் பிழையான செய்தி எதுவும் இல்லை. ஆனால் அது வேறொரு வேளைக்கு எழுதப்பட்டிருந்தது. அந்த இடைவெளியை அங்கே மனிதரின் திறமையே நிரப்பியது.

அறுவைக் கூடத்தில்

உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை மருத்துவத்துக்கென ஒரு பக்கப் பட்டியலை வெளியிட்டது. அதில் இருப்பவை 19 குறிப்புகளே. மயக்கமருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி கூடத்தை விட்டுச் செல்லுமுன் என மூன்று இடங்களில் அனைவரும் நின்று, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். நோயாளி யார், எந்த உறுப்பில் அறுவை, துணியும் கருவியும் எண்ணிக்கையில் சரியாக உள்ளனவா என்பன போன்றவை அக்குறிப்புகள்.

டில்லி, மணிலா, இலண்டன் முதலிய எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதனைச் சோதித்தனர். 2009-இல் வெளிவந்த முடிவின்படி, அறுவைக்குப் பின் நேரும் பெருந்தொல்லைகள் நூற்றுக்கு 11-லிருந்து 7 ஆகக் குறைந்தன. மரணம் ஆயிரத்துக்கு 15-லிருந்து 8 ஆகக் குறைந்தது. ஒரு தாளால் இவ்வளவு நன்மையா என்று உலகம் வியந்தது.

எனினும் 2014-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தைப் பற்றி வெளிவந்த ஆய்வு வேறு விதமாக இருந்தது. அங்கே 101 மருத்துவமனைகளில் இப்பட்டியல் புகுத்தப்பட்ட பின்னும் மரணமோ தொல்லையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இதற்குப் பல காரணங்கள் கூறப்பட்டன. ஆய்ந்த காலம் குறுகியது என்றனர் சிலர். ஆணைக்கு அஞ்சிக் கட்டங்களில் குறியிட்டனரேயன்றி, நின்று பேசிச் சரிபார்க்கும் பழக்கம் ஊன்றவில்லை என்றனர் வேறு சிலர். கையேடு எவ்வளவு நன்றாக அமைந்தாலும், அதனைக் கையாளுவோர் தமக்கு வேண்டியது இது என்று உணர்ந்து எடுத்தால்தான் பயன் என்பது இதனால் பெறப்படும்.

எழுதுவோர்க்கு ஓர் எடுத்துக்காட்டு

இவ்வுண்மைகளைத் தமிழாசிரியர்க்கு நெருங்கிய ஒரு பொருளில் பொருத்திப் பார்க்கலாம். வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் மாணவரை மட்டுமன்றி, செய்தி எழுதுவோரையும் மொழிபெயர்ப்போரையும் நாள்தோறும் தடுமாறச் செய்கின்றன. இலக்கண நூல்கள் இதனை விதிகளின் வரிசையில் கூறுகின்றன. வேற்றுமைப் புணர்ச்சி, அல்வழிப் புணர்ச்சி, பெயரெச்சம், வினையெச்சம் என அவ்வரிசை செல்லும். கற்பிப்பதற்கு அதுவே சிறந்த முறை.

ஆனால் எழுதிக்கொண்டிருப்பவரின் மனத்தில் நிற்பது விதியின் பெயர் அன்று, ஒரு சொல். “அழியா புகழ்” என்று எழுதிவிட்டு, இங்கே ஒற்று வேண்டுமா என்று ஐயுறுகிறார். இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் ஐயமே எழாது. நிகண்டைப் புரட்டியவரின் இடர்ப்பாடுதான் இவருக்கும் நேர்கிறது. ஆகவே இவருக்கான கையேடு, முதற்சொல்லையோ அதன் இறுதியையோ வாயிலாகக் கொள்ள வேண்டும். அத்தகைய ஏட்டின் சில வரிகள் பின்வருமாறு அமையலாம்:

அந்த, இந்த, எந்த: மிகும். அந்தப் பள்ளி.
அது, இது, எது: மிகாது. அது பெரிது.
அப்படி, இப்படி, எப்படி: மிகும். அப்படிச் சொன்னான்.
இறுதியில் ஐ உருபு: மிகும். பாடத்தைப் படித்தான்.
இறுதியில் கு உருபு: மிகும். பள்ளிக்குச் சென்றான்.
இறுதியில் ஓடு உருபு: மிகாது. நண்பனோடு பேசினான்.
உடைய: மிகாது. என்னுடைய கை.
என: மிகும். எனக் கூறினான்.
என்று: மிகாது. என்று கூறினான்.
மிக: மிகும். மிகப் பெரிய.
பல, சில: மிகாது. பல பள்ளிகள்.
எட்டு, பத்து: மிகும். எட்டுத் திசை, பத்துப் பாடம்.
இரண்டு, ஐந்து: மிகாது. இரண்டு திங்கள், ஐந்து பாடம்.
அழியா: மிகும். அழியாப் புகழ்.
அழியாத: மிகாது. அழியாத புகழ்.

ஒவ்வொரு வரியிலும் மூன்றே கூறுகள் உள்ளன: தேடுபவர் அறிந்த சொல், விடை, ஓர் எடுத்துக்காட்டு. விதியின் பெயரை வேண்டுமானால் வரியின் இறுதியில் சிறிய எழுத்தில் சேர்க்கலாம். எடுத்துக்காட்டைச் சில இடங்களில் இணையாகத் தருவது நன்று. இகரத்தில் முடியும் வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும். எழுவாயின் பின் மிகாது. இதனை விளக்கிக்கொண்டிராமல், “தேடிப் பார்த்தான்” என்பதையும் “தம்பி பார்த்தான்” என்பதையும் அருகருகே வைத்தால், கண் பார்த்த அளவில் வேறுபாடு விளங்கிவிடும். விளங்கும் எடுத்துக்காட்டு உடைமையை நூலின் அழகுகளுள் ஒன்றாக நன்னூலார் வைத்தது இது கருதியே போலும்.

அமைப்போர் கருத வேண்டியவை

நூலின் குற்றம் பத்து, அழகு பத்து என்று நன்னூல் வகுத்தவை கையேட்டுக்கு நன்கு பொருந்துகின்றன. அழகுகளுள் ஒன்றாகிய முறையின் வைப்பைப் பற்றி மேலே விரிவாகக் கூறப்பட்டது. குற்றங்களுள் நான்கை இங்கே சிறப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது, மிகைபடக் கூறல். எல்லாம் இருக்கட்டும் என்னும் ஆசை கையேட்டின் பகை. சேர்க்கும் ஒவ்வொரு வரியும் பிற வரிகளை மறைக்கிறது. எவரும் தவறு செய்யாத இடத்துக்கு வரி தேவையில்லை. மாணவர் ஏடுகளை ஒரு மாதம் திருத்துகையில் எழும் பிழைகளைக் குறித்து வைத்தால், எந்த வரிகள் வேண்டும் என்பதை அக்குறிப்பே சொல்லிவிடும்.

இரண்டாவது, குன்றக் கூறல். சுருக்கும் முயற்சியில் இன்றியமையாத வரையறை விடுபட்டுப் போதல் கூடாது. எத்தகைய ஐயத்துக்கு இவ்வேடு விடை தரும், எதற்குப் பெரிய இலக்கண நூலை நாட வேண்டும் என்பதை ஏட்டின் தலைப்பிலேயே ஒரு வரியில் கூறிவிடுதல் நேர்மை. 20,000 அடிக்கு எழுதியதை 2,800 அடியில் படிக்கும் நிலை எவருக்கும் வரக்கூடாதன்றோ?

மூன்றாவது, மயங்க வைத்தல். ஒரு பொருளை ஓரிடத்தில் ஒற்று என்றும், மற்றோரிடத்தில் மெய் என்றும், வேறோரிடத்தில் சந்தி என்றும் எழுதினால், கற்றவர்க்குக் கூட ஒரு நொடி தயக்கம் வரும். கட்டுரையில் சொல்லை மாற்றி மாற்றி எழுதுவது நயம். கையேட்டில் அது குற்றம்.

நான்காவது, மற்றொன்று விரித்தல். விதியின் வரலாறும் அறிஞர்களின் கருத்து வேறுபாடும் சுவையானவையே. அவற்றுக்கு உரிய இடம் வேறு.

இவற்றோடு, ஏடு எப்போது கையில் எடுக்கப்படும் என்பதையும் முன்னரே தீர்மானிக்க வேண்டும். விமானத் துறையினர் பட்டியல்களை இரு வகையாகப் பிரிப்பர். ஒவ்வொன்றாகப் படித்துப் படித்துச் செய்வதற்கு உரியது ஒன்று. நினைவிலிருந்து செய்து முடித்த பின் நின்று சரிபார்ப்பதற்கு உரியது மற்றொன்று. கட்டுரை எழுதும் மாணவனுக்கு இரண்டாம் வகையே ஏற்றது. எழுதும்போதே ஒவ்வொரு சொல்லுக்கும் ஏட்டைப் புரட்டினால் எண்ண ஓட்டம் தடைப்படும். எழுதி முடித்த பின் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பட்டியலோடு ஒத்துப் பார்க்கச் செய்தால், பிழை குறைவதோடு தன் பிழையைத் தானே காணும் பழக்கமும் வளரும்.

முடிவாக, அமைத்த ஏட்டைப் பிறர் கையில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அமைத்தவர்க்கு எல்லாம் எளிதாகவே தோன்றும். எது எங்கே இருக்கிறது என்பதை அவர் முன்னரே அறிவார். அறியாத ஒருவரிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து, அவர் விரல் எந்த வரியை நோக்கிச் செல்கிறது என்று அருகிலிருந்து பார்த்தால் குறை தெரிந்துவிடும். விரல் தடுமாறிய இடத்தைத் திருத்தி, திருத்திய நாளையும் ஏட்டில் குறித்து வைத்தால், பழைய படியும் புதிய படியும் கலந்து குழப்பம் விளையாது.

கையேடு கல்விக்கு மாற்று ஆகாது. பூட்டை விடுவிக்கக் கற்றிராத ஒருவனைப் பட்டியல் விமானி ஆக்காது. வினையெச்சம் இன்னதென்று அறியாதவனை ஒரு தாள் இலக்கணப் புலவன் ஆக்காது. கற்றவர்க்கு அவசரத்திலும் களைப்பிலும் கைகொடுப்பதே அதன் பணி. சதுரகராதி தமிழைக் கற்பிக்கவில்லை. கற்கின்றவரின் கையருகே தமிழ்ச் சொற்களைக் கொண்டுவந்து வைத்தது. தம் மாணவர் எந்த இடத்தில் தயங்கி நிற்கின்றனர் என்பதை நாள்தோறும் காண்பவர் தமிழாசிரியர். ஆதலால் அவர்க்கு உதவும் கையேட்டை அமைக்கத் தகுதி உடையவரும் அவரே ஆவார்.